செம்பு ரெண்டு சதவீதம், சாவு நூறு சதவீதம்!

"ஐயோ... மொதலாளீ...!"

அலறல் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது.

அலறியது கல் அறுக்கும் மெஷினை ஓட்டும் அக்கா. அவள் காலடியில், நீளநீளமாய் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே, சுரங்க முதலாளி குப்புறக் கிடந்தார்.

தலையைச் சுற்றிச் சிவப்பு... குளம் கட்டி!

பக்கத்தில் உலக்கைத் துண்டு மாதிரி ஒரு கல். பூமியில் துளை போட்டு உருவியெடுத்த கல் உருளை. கொட்டகையில் அதற்குக் 'கோர்' என்று பெயர். அதன் முனையிலும் சிவப்பு!

தலைமை நிபுணர் நிதானமாக நடந்து வந்தார். கோரைக் கண்ணால் பார்த்தே 'செம்பு இத்தனை சதவீதம்' என்று அடித்துச் சொல்லும் மகான். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'சதவீதம்'. கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தார். முதலாளியைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தார்.

"செத்துட்டார்."

"நிச்சயமாவா சார்?"

"நூறு சதவீதம்!"

அக்கா இன்னொரு தரம் அலறினாள்.

ஸ்டேஷன் எதிர்ச்சாரியிலேயே இருந்ததால் போலீஸ் நடந்தே வந்தது. முன்னால் இன்ஸ்பெக்டர். பின்னால் தும்மிக்கொண்டே ஏட்டு.

ஏட்டு குனிந்து முதலாளியின் மணிக்கட்டைத் தேடினார்.

"தொடாதீங்க!" சதவீதம் கர்ஜித்தார். "கண்டவங்க கை பட்டா சாம்பிள் கெட்டுப்போகும்!"

"நாடி பாக்கறேன் சார்..."

"நான் பாத்தாச்சு."

"எங்க பாத்தீங்க?"

"இங்கேருந்தே."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மரியாதை முதலாளிக்கா, லென்ஸுக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

"டாக்டர் எங்கய்யா?"

"வர்ற வழியில வண்டி பஞ்சராம் சார்," என்றார் ஏட்டு. மூக்கை உறிஞ்சினார். "சார்... இங்க பெயின்ட் வாசனை அடிக்கல?"

"உனக்கு ஜலதோஷம். சும்மா இரு." இன்ஸ்பெக்டர் நிபுணர் பக்கம் திரும்பினார். "இது ரத்தம்தானே சார்?"

சதவீதம் அரைப் பார்வை பார்த்தார். முழுப் பார்வைக்கு அது தகுதியில்லை.

"சுத்தமான ரத்தம்."

"சரி. கொலை. யார் உள்ள வந்தது?"

"யாரும் வரலங்க," என்றாள் அக்கா. "வாசல்லதான் மெஷின். நான் அங்கேயே நின்னேன். மொதலாளி வந்தாரு. இவரு ஏற்கெனவே உள்ள இருந்தாரு. அவ்ளோதான்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"கடைசி வரிசையில. கோர் பாத்துட்டிருந்தேன்."

"இவர் விழுந்த சத்தம் கேக்கல?"

"நான் கோர் பாக்கறப்போ இடி விழுந்தாலும் கேக்காது."

"காலையில ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

"சண்டை இல்ல. அறியாமை. அவரோடது!" சதவீதத்தின் மூக்கு விடைத்தது. "இந்தக் கோர்ல ரெண்டு சதவீதம் செம்புன்னு போன மாசமே சொன்னேன். காலையிலயும் அதையே சொன்னேன். 'லேப் ரிசல்ட் வரட்டும், அதுலயும் தப்புன்னா வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடு'ன்னார். என்னைப் பாத்து! கல்லுல மஞ்சளா மினுக்கற தாதுல மூணுல ஒரு பங்குதான் செம்புன்னுகூடத் தெரியாத மனுஷன்!"

"ஆக, கோபம் இருந்திருக்கு..." இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கல்லைத் தூக்கினார். "இதோட மறுமுனை ஈரமா இருக்கே?"

"நான்தான் நக்கினேன்."

இன்ஸ்பெக்டர் கல்லைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"நக்...?"

"நனைச்சாதான் தரம் பளிச்சுனு தெரியும். தண்ணி குழாய் தூரத்துல இருக்கு."

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல, ஆயுதத்தை நக்கிட்டு அடிச்ச ஆளை நான் பாத்ததில்ல சார்."

"நான் அடிக்கல!"

"செத்தது நிச்சயம்ங்கறீங்க. ரத்தம் நிச்சயம்ங்கறீங்க. உள்ள இருந்தது நீங்க ஒருத்தர். கல்லுல உங்க எச்சில். நானா உங்களைப் பிடிக்கல சார்... நீங்களே உங்களைப் பிடிச்சுக் குடுக்கறீங்க!"

ஏட்டு விலங்கை எடுத்தார்.

க்ளிங்!

சதவீதத்தின் கண் முன்னால் பெண்டாட்டி முகம் வந்தது. ஜெயில் கம்பி வந்தது.

இன்ஸ்பெக்டருக்கே பாவமாக இருந்தது. கிட்டே வந்து குரலை இறக்கினார்.

"பெரியவரே... 'எனக்குச் சரியாத் தெரியல, டாக்டர் வந்து பாக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் சொல்ற வரைக்கும் இது கொலையே இல்ல. விலங்கும் இல்ல. வீட்டுக்குப் போய் சாப்பிடலாம்."

தெரியல!

அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். இன்றைக்குப் பிணத்தில் தெரியவில்லை என்றால், நாளைக்குக் கல்லில் தெரியுமா என்று கேட்க மாட்டார்களா? எந்த மாநாட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

"சொல்லிடுங்க சார்," என்றாள் அக்கா. "வாய் வார்த்தைதானே!"

சதவீதம் நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மாட்டுங்க! என் கண்ணு தப்பாப் பாக்காது!"

அப்போதுதான்...

ட்ரிங்... ட்ரிங்...!

பிணத்துக்கு அடியிலிருந்து போன் அடித்தது!

பிணம் கையை மடக்கி, அடியில் துழாவி, போனை எடுத்துக் காதில் வைத்தது.

"ஹ... ஹலோ..."

ஏட்டு இன்ஸ்பெக்டரின் பின்னால் ஒளிந்தார். இன்ஸ்பெக்டர் அக்காவின் பின்னால் ஒளிந்தார்.

"மாமா!" முதலாளியின் மச்சான் குரல். ஸ்பீக்கர் தேவைப்படாத குரல். "ஒண்ணுமில்லாத சுரங்கத்தை என் தலையில கட்டிட்டீங்கன்னு போன வாரம் பூரா உங்களைத் திட்டிட்டிருந்தேன். இப்பதான் லேப்ல சொன்னாங்க... ரெண்டு சதவீதம் செம்பாம்! நீங்க மாமா இல்ல, தெய்வம்!"

முதலாளி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிவப்பு. அவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து, கோருக்குக் கோடு போடும் சிவப்பு பெயின்ட் டப்பா உருண்டது.

"நான் சொல்லல?" ஏட்டு தும்மினார்.

"அப்போ உங்களை யாரும் அடிக்கலையா?" இன்ஸ்பெக்டரின் குரலில் ஏமாற்றம்.

"லேப்லேருந்து எனக்கும் போன் வந்துது... ரெண்டு சதவீதம்னான். கண்ணு இருட்டிடுச்சு... பெயின்ட் டப்பா மேலயே விழுந்துட்டேன்..."

சதவீதத்தின் காதில் 'ரெண்டு சதவீதம்' என்ற இரண்டு வார்த்தைதான் விழுந்தது. செத்தவர் எழுந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"பாத்தீங்களா! நான் சொன்ன அதே ரெண்டு! என் கண்ணு..."

"உன் கண்ணா!" முதலாளி துள்ளி எழுந்தார். கல்லைப் பறித்தார். "நீ சொல்லி எந்தக் கல்லுலயாவது சொன்னது இருந்துருக்காய்யா? நீ ரெண்டுன்ன உடனேதான் இதுல மண்ணுதான்னு முடிவு பண்ணி, சுரங்கத்தை வித்து மச்சான் தலையில கட்டினேன். உன்னை நம்பாம இருந்தா மோசம் போக மாட்டேன்னு நம்பினேனே... இதுல மட்டும் ஏன்யா சரியாச் சொன்ன?"

மடார்!

சதவீதம் மல்லாந்து விழுந்தார். இந்தத் தடவை பெயின்ட் இல்லை.

ஏட்டு தயாராக வைத்திருந்த விலங்கு வீணாகாமல் முதலாளியின் கையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு சதவீதத்தின் முகத்தருகே குனிந்தார்.

"உயிர் இருக்கா சார்?" என்று பதறினார் ஏட்டு.

சதவீதம் ஒரு கண்ணைத் திறந்தார். லென்ஸைத் தடவி எடுத்து, தன் உடம்பைத் தலையிலிருந்து கால் வரை ஒரு நோட்டம் விட்டார்.

"அறுபது சதவீதம் இருக்கு..." முனகினார். "எதுக்கும்... டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க!"