தலையும் வாலும் இல்லாத கயிறு

கார்த்திகைத் தேய்பிறை இரண்டாம் நாள். சூரியன் மறைந்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. கொள்ளிடம் கறுத்துக் கிடந்தது. கரைக்கோட்டையின் நீர்வாயில் மேல்மாடத்தில் அரசி காரிநங்கை கையில் ஒரு கயிற்றோடு நின்றாள். கீழே, நடு ஆற்றில் நின்ற படகிலிருந்து அம்பில் கட்டி வந்த கயிறு. படகில் ஓர் உருவம். முகம் தெரியவில்லை.

வாசகர்களே, கயிற்றில் எட்டு இடங்களில் முடிச்சுகள் இருந்தன. இரண்டு, மூன்று, ஆறு, ஐந்து. பிறகு ஐந்து, ஆறு, மூன்று, இரண்டு. இருளில் கயிற்றின் தலை எது, வால் எது என்று தெரியாது. அதனால் எந்த முனையிலிருந்து தடவினாலும் ஒரே எண் வரும்படி முடிவது அந்தக் கோட்டையின் வழக்கம். அது பகைவருக்கும் தெரிந்துபோயிருந்தது.

மன்னன் எயினன் களத்தில் இறந்தான் என்ற செய்தி வந்து நாற்பது நாள். உடல் வரவில்லை. தாலியைக் கழற்ற அரசி இசையவில்லை. கடந்த ஆறு நாளும் அந்தியில் ஒரு படகு வந்தது, ஒரு கயிறு வந்தது. இது ஏழாவது.

அருகில் நின்ற கோட்டைத் தலைவர் சாத்தன் அரையர் மணலில் எண்களை எழுதி, மன்னர் கயிற்றுக்குரிய சோதனை என்று தாம் நம்பிய பதினொன்றால் வகுத்தார். மீதியின்றித் தீர்ந்தது.

"மன்னர்தாம், தேவி. திறக்கச் சொல்லுங்கள்."

"இப்படி முடிந்த எட்டு இலக்க எண் எதுவும் பதினொன்றால் தீரும், அரையரே. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். ஒற்றை இடங்களில் பதினாறு, இரட்டை இடங்களிலும் பதினாறு. பகைவன் தூக்கத்தில் முடிந்தாலும் உங்களை ஏமாற்றிவிடுவான்."

அரையர் தலைகுனிந்தார். தானும் மன்னரும் மட்டும் அறிந்த சோதனை வேறு என்று அரசி அப்போதுதான் அவரிடம் சொன்னாள். உண்மைக் கயிறு ஏழாலும் தீர வேண்டும். முந்திய ஆறையும் அவள் தனியே வகுத்துப் பார்த்திருந்தாள்; ஒன்றும் ஏழால் தீரவில்லை.

அவள் வகுத்தாள். மீதி இல்லை. மணலை அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள்.

"அப்படியானால் இவர்…" என்றார் அரையர்.

"மனம்போனபடி முடிந்தாலும் ஏழில் ஒன்று தானாகவே தீரும்."

நிலவு எழ மூன்று நாழிகை இருந்தது. எழுந்தால் அக்கரையில் இருக்கும் பகை வில்லாளிகளுக்குப் படகு தெரியும். வந்தவர் எயினன் என்றால் வாயிலுக்கு வெளியே சாவார். பகைவன் என்றால் உள்ளே முந்நூறு பேர் சாவார்கள்.

உருவம் இடக்கையை உயர்த்தியது. எயினன் இடக்கைக்காரன். ஆனால் முன்பு வந்த ஆறு பேரும் இடக்கையைத்தான் உயர்த்தினார்கள்.

வாய்விட்டுக் கேட்டால் இரகசியம் ஆற்றோடு போகும். இனி எந்தக் கயிற்றையும் நம்ப முடியாது. அரசி சுவரைப் பற்றிக்கொண்டு குனிந்து, படகை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"பெருமானே, ஏழு என்ற எண்ணை நாம் எதற்காகத் தேர்ந்தோம்?"