தேயத் தேயக் கனம்

தேய்ந்த கத்தி புதுக் கத்தியைவிடக் கனமாக இருந்தது.

நிக்கனோர் அதைத் தராசுக் கொக்கியிலிருந்து கழற்றி, ஒட்டியிருந்த புல் பசையைச் சட்டை முனையால் துடைத்து, மறுபடியும் மாட்டினான். முள் கொஞ்சம் ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றது. ஐந்து கிலோ நூறு. கடை எண்ணெய்கூடக் காயாத புதுக் கத்திகள் ஒவ்வொன்றும் நாலு கிலோ இருநூறு, அதில் பிசகில்லை. இதுவோ கொரியெந்தெஸ் மாகாணத்தில் முளைத்த புல் பூராவையும் தனியாளாகத் தின்று தீர்த்ததுபோல் முனை மழுங்கி, கால்வாசி உடம்பு கரைந்து கிடந்தது. இதன் ஜோடி மூன்று அறுநூறுக்கு இளைத்திருந்தது. அதுதான் நியாயம். தேய்ந்தால் இளைக்க வேண்டும்.

"யோவ், கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கிறியா?" அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு வடித்துக்கொண்டே அவன் மனைவி பெத்ரோனா கேட்டாள். "கறி நிறுக்குற தராசுல இரும்பத் தொங்கவிட்டா அதுக்குக் கிறுக்குப் பிடிக்காம என்ன செய்யும்?"

"தராசு சரியாத்தான்டீ இருக்கு."

"அப்ப உனக்குத்தான் கிறுக்கு. நான் கும்பிட்ட சாமி ஏதோ ஒண்ணையாவது சரியா வெச்சுதே."

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் அந்தப் புல்வெட்டி, கவிழ்த்துப் போட்ட ஓர் இரும்புத் தொட்டி. அதன் வயிற்றுக்குள் ஒரு வட்டத் தட்டு, தட்டின் ஓரங்களில் எதிரெதிராக இரண்டு கத்திகள். இரண்டும் ஒரே எடையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஆடுகிற ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நிக்கனோரின் கடைவாய்ப் பல் இரண்டு அதிலேயே கழன்று விழுந்தன. நாலு மைல் சுற்றளவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்றும், பாதிரியார் பூசையில் திராட்சரசத்தைத் தளும்பவிட்டார் என்றும் ஊரில் பேச்சு. அதனால்தான் கத்தியை எப்போதும் ஜோடியாக மாற்றுவது, மாற்றுமுன் நிறுப்பது. இந்த ஒரு வருஷத்தில் இது நாலாவது ஜோடி. ஒவ்வொரு முறையும் ஒன்று ஒழுங்காக இளைத்தது. தட்டில் சிவப்பு மை தடவிய பக்கத்தில் இருந்தது மட்டும் கனத்தது. பாதியில் பக்கம் மாற்றிப் பார்த்தான். அப்போதும் சிவப்புப் பக்கத்துக்கு வந்ததுதான் ஊதியது.

போன வருஷம் ஜனவரி ஐந்தாம் தேதிக்கு முன்னால் இப்படி இருந்ததில்லை.

பெத்ரோனா மேசையில் மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டு அவள் தம்பி சிரிலோவுக்கு. ஒரு வருஷமாக வைக்கிறாள், ஒரு வருஷமாகக் கழுவாமலே எடுத்து அடுக்குகிறாள்.

"நாளைக்கு ஆறாந்தேதி, மூணு ராஜாக்கள் திருநாள். எங்க இருந்தாலும் வந்துருவான்" என்றாள். "ஏய்யா, நீதானே கடைசியா அவனப் பார்த்தே. லாரியில ஏறுறப்ப தொப்பி போட்டிருந்தானா?"

இதையும் ஒரு வருஷமாகக் கேட்கிறாள்.

"போட்டிருந்தான். பிரேசிலுக்குப் போறேன், அக்காகிட்டச் சொல்லிரு மச்சான்னான்."

"தொப்பி போட்டிருந்தா சரி. அவனுக்கு வெயில் ஆகாது."

சொல்லிவிடலாமா என்று இருந்தது. தொண்டை வரை வந்தது. கிழங்கைப் பிட்டு வாயில் போட்டு, வந்ததையும் சேர்த்து விழுங்கினான்.

சாப்பாடு முடிந்ததும் ஊர் செத்துப்போகும். சியெஸ்தா என்று அந்த மதியத் தூக்கத்துக்கு ஒரு செல்லப் பெயர். அந்த இரண்டு மணி நேரம் நாய் குரைக்காது, பல்லி சுவரில் நகராது. வெயில் மட்டும் வெள்ளையாக எழுந்து தெருவில் உலாத்தும். அந்த நேரத்தில் வெளியே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. உயிரோடு இருக்கிற எவனும் அந்த வேளையில் கூப்பிட மாட்டான் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"தூங்கி எழுந்து கத்திய மாட்டக் கூடாதாய்யா" என்றாள் பெத்ரோனா.

"மழை வருது. சாயங்காலத்துக்குள்ள கோயில் பக்கத்துப் புல்ல வெட்டலன்னா நாளைக்குத் திருநாளுக்கு வர்ற குதிரையெல்லாம் எங்க நிக்கும்? உன் தலையிலயா?"

போன வருஷமும் இதே பேச்சுத்தான். அன்றைக்குச் சிரிலோ மதியமே ஒரு முழு பாட்டில் திராட்சரசத்தை முடித்துவிட்டு, வீட்டுக்குள் நரகம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கோயில் பக்கத்து ஆள் உயரப் புல்லுக்குள் படுக்கப் போனான். தொப்பியை வேலிக் கம்பத்தில் மாட்டியிருந்தான். நிக்கனோர் வண்டியை எடுத்தபோது அந்தத் தொப்பியைப் பார்த்தான். பார்த்தும், அந்தக் கோடியில்தானே படுத்திருப்பான், இந்தக் கோடியில் வெட்டலாம் என்று ஓட்டினான். மூன்றாவது சுற்றில் யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரிலோவின் குரல் இல்லை. ரொம்பத் தெரிந்த குரல், ஆனால் யாருடையது என்று பிடிபடவில்லை. அவன் திரும்பவில்லை. உடனே கீழே ஒரு தடால். அந்த வயலில் கறையான் புற்று நூறு இருக்கும். "புத்துதான்" என்று சொல்லிக்கொண்டு இறங்காமல் போய்விட்டான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தான். புல் வெட்டியிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. ஒரு துணி நூல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கம்பத்தில் தொப்பி மட்டும். அதை எடுத்து டிராக்டரின் கருவிப் பெட்டியில், அழுக்குத் துணிகளுக்கு அடியில் திணித்தான். லாரிக் கதையை வீடு வருவதற்குள் ஜோடித்துவிட்டான்.

இப்போது அதே கோயில் பக்கத்து மரத்தடிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, புல்வெட்டியை மேலே தூக்கி, அடியில் இரண்டு கெட்டி மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தான். இஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டான். இறங்கியபோது இருக்கையின் கம்பிச்சுருள் வழக்கம்போல் 'கிறீச்' என்று அழுதது. ஸ்பானர் எடுக்கக் கருவிப் பெட்டியைத் திறந்தான். துணிகள் இருந்தன. தொப்பி இல்லை.

நிமிர்ந்தான்.

வேலிக் கம்பத்தில் மாட்டியிருந்தது.

பெத்ரோனா கண்டுபிடித்து மாட்டியிருப்பாள் என்று நினைத்தான். அவள் கண்டுபிடித்திருந்தால் தொப்பி கம்பத்தில் இருக்காது, ஸ்பானர் அவன் மண்டையில் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். போய் எடுக்கவில்லை. சீக்கிரம் கத்தியை மாட்டிவிட்டு ஓடிவிட வேண்டும். மல்லாந்து புல்வெட்டிக்கு அடியில் நுழைந்தான்.

உள்ளே காய்ந்த புல்லும் கியர் எண்ணெயும் சூடேறிய இரும்பும் கலந்த நாற்றம், அதற்கும் அடியில் லேசாக, மிக லேசாக, புளித்த திராட்சரச வாசம். காதுக்குள் சில்வண்டுகள் அறுத்துக்கொண்டே இருக்க, மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் அந்த வட்டத் தட்டு கறுத்துத் தொங்கியது. முதல் கத்தியை மாட்டினான். போல்ட் போட்டு, நட்டை ஸ்பானரில் குழாய் செருகி முறுக்கினான். புதுக் கத்தி முகத்துக்கு நேரே பளபளத்தது. அடுத்தது சிவப்புப் பக்கம். இரண்டாவது கத்தியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, ஓட்டையிலிருந்த அழுக்கை விரலால் நோண்டினான். இன்னும் ஒரு புல்லைக்கூட வெட்டாத கத்தி. நாலு கிலோ இருநூறு.

சில்வண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன.

நெஞ்சில் கத்தி கொஞ்சம் அழுத்தியது. ஐந்து கிலோ இருக்கும். மூச்சு இழுத்தான். பத்து. எடுத்துக் கீழே வைக்கலாம் என்று கை போட்டான், அசையவில்லை. ஒரு கன்றுக்குட்டி வந்து படுத்த மாதிரி. அப்புறம் ஓர் ஆள். குடித்துவிட்டு வந்து மேலே சாய்ந்த ஓர் ஆளின் முழுக் கனம். தலை தோளில், முழங்கால் தொடையில். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. மெல்ல ஏறி இறங்கியது. குறட்டை, முடிவில் ஒரு சீட்டி.

அந்தச் சீட்டியைப் பன்னிரண்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறான்.

"மச்சான்" என்றான். காற்றுதான் வந்தது. "எந்திரிடா மச்சான். உங்க அக்கா தேடுறாடா."

குறட்டை நிற்கவில்லை. சிரிலோவை எழுப்ப முடியாது. எப்போதுமே முடியாது.

மேலே கிறீச்.

யாரோ இருக்கையில் உட்கார்ந்தார்கள். சாவி அவன் பையில்தான். தொடையில் குத்திக்கொண்டிருந்தது. மேலே ஓர் இருமல், நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ஒரு சத்தம். வண்டி எடுக்கும் முன் தட்டுவது. அது நிக்கனோரின் பழக்கம். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பழக்கம்.

இஞ்சின் பிடித்தது.

முட்டுக் கட்டைகளைத் தேடித் தலையைத் திருப்பினான். கட்டைகள் இல்லை. மரத்தடி இல்லை. சுற்றிலும் புல். ஆள் உயரம். நிமிர்ந்து, பச்சையாக, வெட்டாத புல்.

சத்தம் அந்தக் கோடியில் இருந்தது. திரும்பியது. ஒரு சுற்று. போய்த் திரும்பியது. இரண்டு.

நெஞ்சில் சிரிலோ தூங்கினான்.

மூன்றாவது சுற்றில் புல் ஆடுவது தெரிந்தது. புல்லுக்கு மேலே டிராக்டர். அதன்மேல் ஒரு முதுகு, அவனுடைய நீலச் சட்டை. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அலறினான்.

"நிக்கனோர்! ஏய், நிக்கனோர்! ஆளு கிடக்குடா! எறங்கிப் பாருடா!"

தன் குரல் தன் காதில் விழுந்ததும் தெரிந்துவிட்டது, போன வருஷம் பிடிபடாத அந்தக் குரல் யாருடையது என்று.

இருக்கையில் இருந்தவன் தோள் ஒருகணம் விறைத்தது. திரும்பவில்லை. திரும்ப மாட்டான். தன் தொப்பியை மட்டும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். புல் ஒவ்வொரு வரிசையாகச் சாய்ந்தது. தட்டு சுழன்றது. வெள்ளையாக ஒரு வட்டம்.

மேலே அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, இஞ்சின் சத்தத்தையும் மீறி, தெளிவாகக் கேட்டது.

"புத்துதான்."