பார்வையாளர் ஒதுக்கீடு

ஆட்டம் தொடங்க மணி அடித்ததும் பெற்றோர் எல்லோரும் வழக்கம்போலத் தூங்கிப்போனார்கள்.

கண்கள் என்னவோ திறந்துதான் இருந்தன. கண்பதிவி பொருத்திக்கொண்டவர்களுக்கு அது ஒரு வசதி. இமை திறந்தபடி இருக்க, மூளை ஓய்வெடுத்துக்கொள்ளும். எதிரே நடப்பதையெல்லாம் விழிக்குப் பின்னால் இருக்கும் சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம். நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளி ஆண்டு விழா எல்லாமே இப்படித்தான் நடந்தன. குறட்டைச் சத்தம்தான் கொஞ்சம் தொந்தரவு.

கூடைப்பந்து அரங்கில் அன்று விழித்திருந்தவர் சவரிராயன் ஒருவர்தான்.

அவரும் ஒரு காலத்தில் கண்பதிவி வைத்திருந்தவரே. மனைவி ரெஜினா இறந்த பிறகு பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடிக் குடுவைக்குள் அவள் பாடுபட்டு வளர்த்த காசித்தும்பை பூத்த நாள் அதில் இருந்தது. "பாத்தீங்களா?" என்று திரும்பிக் கேட்கிறாள். "பதிவாயிருக்கும். பெறகு பாத்துக்கலாம்" என்று அவருடைய குரல் சொல்கிறது. பதிவில் பூ இளஞ்சிவப்பு. அவர் நினைவில் பூவே இல்லை. மறுவாரம் மருத்துவமனைக்குப் போய்க் கண்பதிவியை எடுத்துவிடச் சொன்னார். மருத்துவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் கேட்டதைத் தன் கண்பதிவியில் பதிவும் செய்துகொண்டார்.

ஆடுகளத்தில் மகள் ஜெனிட்டா ஓடிக்கொண்டிருந்தாள். நிலாவில் ஈர்ப்பு குறைவு என்பதால் வளையம் முப்பதடி உயரத்தில் இருக்கும். அங்கேயே பிறந்த பிள்ளைகள் மூங்கில்போல வளர்ந்தவர்கள். ஒரு எம்பு எம்பிப் பந்தைப் போட்டுவிட்டு நிதானமாக இறங்கி வருவார்கள். ஜெனிட்டா எட்டு வயதுவரை தூத்துக்குடியில் வளர்ந்தவள், குட்டை. இப்படிப்பட்டவர்களை முதல்நிலைக் கல்லூரிகள் திரும்பியும் பார்ப்பதில்லை. மிச்சமிருப்பவை மூன்றாம்நிலைக் கல்லூரிகள். அங்கேயும் இடம் இல்லையென்றால் பனிச்சுரங்கம். ரெஜினாவின் நெஞ்சில் நிலாத்தூசி ஏறியது அந்தச் சுரங்கத்தில்தான்.

அன்றைக்குத்தான் பருவத்தின் கடைசி ஆட்டம். பள்ளத்துக் கல்லூரி என்ற மூன்றாம்நிலைக் கல்லூரியிலிருந்து ஓர் ஆள்தேர்வி வந்திருந்தது. பீப்பாய் உடம்பும் நீண்ட கழுத்துமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த இயந்திரம், கழுத்தை முழுக்கத் திருப்பி, ஆட்டம் முடியும்வரை பின்னாலிருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பா, அது கிரவுண்டுப் பக்கமே திரும்பல. கழுத்து ரிப்பேர் போல" என்றாள் ஜெனிட்டா, வியர்வையைத் துடைத்தபடி. அழுகையை அடக்கும்போது அவளுக்குக் கேலிதான் வரும்.

"சும்மா இருட்டீ. காதுல விழுந்துரப் போவுது."

"காது நன்றாக இருக்கிறது. கழுத்தும்தான்" என்றபடி ஆள்தேர்வி அவர்கள் முன்னால் வந்து நின்றது. "பின்தலையிலும் எனக்கு ஒரு கண் உண்டு. உங்கள் மகளின் ஆட்டம் சுமார். உயரம் போதாது. இடது கை வரவே இல்லை."

"வேற நல்ல சேதி ஏதும் இருக்கா?" என்றாள் ஜெனிட்டா.

"இருக்கிறது. இடம் தருகிறோம்."

சவரிராயன் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மூன்றாம்நிலைக் கல்லூரி ஆட்டத்துக்காகச் சலுகை தரக்கூடாது என்பது விதி. ஆகவே பார்வையாளர் ஒதுக்கீட்டில் தருகிறோம். ஆட்டந்தோறும் இவர் வர வேண்டும். பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

"பாக்குறதுக்கா?" என்றார் சவரிராயன்.

"எங்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு ஓட மறுக்கிறார்கள். தூங்குகிறவர்களுக்கு முன்னால் எதற்கு ஓடுவது என்று கேட்கிறார்கள். கைதட்டுவதற்கு இயந்திரங்களை உட்காரவைத்தோம். கண்டுபிடித்துவிட்டார்கள்."

"அப்ப சீட்டு எனக்கில்ல, எங்கப்பாவுக்கு."

"இருவருக்கும். கூடை விழுந்ததும் நிமிர்ந்து யாரையோ தேடியவள் இங்கே நீ ஒருத்திதான்."

ஜெனிட்டா குனிந்து, அவிழாத ஷூ லேஸை மறுபடியும் கட்டினாள். வெகுநேரம் கட்டினாள். பிறகு, "நானாச்சும் ரெண்டு வருசம் பெஞ்சுல உக்காரணும். நீ வந்ததுமே டீமுல சேந்துட்டியேப்பா" என்றாள்.

"பேசாம வாட்டீ" என்றார். நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது. ஈர்ப்பு குறைந்த இடமாதலால் அதை மறைக்க முடியவில்லை.

ஆனால் பெஞ்சு விஷயத்தில் அவள் கணக்குத் தப்பிப்போயிற்று. அப்பா பார்க்க வந்தால் மகள் ஆடத்தானே வேண்டும் என்று முதல் ஆட்டத்திலேயே களத்தில் இறக்கிவிட்டார்கள்.

கல்லூரி நன்றாகவே விளம்பரம் செய்திருந்தது. வெறுங்கண்ணால் ஆட்டம் பார்க்கும் மனிதரைக் காண அரங்கு கொள்ளாத கூட்டம். நடுவில் தனி நாற்காலி. கூரையிலிருந்து தொங்கிய பெரிய திரையில் சவரிராயனின் முகம். கூட்டம் மொத்தமும் கண்பதிவியைத் திரைமேல் நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனது.

அவர் எதையும் கவனிக்கவில்லை. மகளை மட்டும் பார்த்தார். ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து நிமிர்ந்து அந்த இரண்டு கண்களைத் தேடினார்கள். இடைவேளைக்குப் பிறகும் ஓடினார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். பந்து ஜெனிட்டாவிடம் வந்தது. உயரமான இருவர் மறித்து நிற்க, அவள் வலப்பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டிப் பந்தை இடது கைக்கு மாற்றினாள். அவள் எம்பப்போகும் உயரத்தை அளப்பதுபோல அவர் கண் மேலே போனது. வளையத்துக்குச் சற்று மேலே திரை இருந்தது.

அதில் நரைத்த தாடியோடு ஒருவர் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிதாகத் தன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. சட்டைக் காலர் மட்டும் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டார். திரையில் இருந்தவரும் நீவிவிட்டார். முகவாயைச் சற்று உயர்த்திப் பார்த்தார். இன்னும் நன்றாக இருந்தது.

முடிவு மணி அடித்தது. ஆட்டக்காரிகள் ஜெனிட்டாவின் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"எப்பா! இடது கை! பாத்தியா?"

சவரிராயன் காலரிலிருந்து கையை எடுத்தார்.

"பதிவாயிருக்கும்" என்றார். "பெறகு பாத்துக்கலாம்."