இளஞ்சிவப்புத் தும்புகள்

குணமணி பல் துலக்க வந்தபோது அவளுடைய பிறஸ் ஏற்கெனவே நனைந்திருந்தது. தும்புகளின் அடியில் மெல்லிய இளஞ்சிவப்பு. அதே கோப்பையில் அன்னலட்சுமி மாமியின் பிறஸ் காய்ந்து கிடந்தது.

மாமி தன்னுடையது எதுவென்று மறந்துவிட்டார். அப்படித்தானா என்று இன்னொரு முறை யோசித்தாள். வேறு எப்படி? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

வெருகலில் சண்டை தொடங்கியதும் மாமியிடம் வந்து சேர்ந்தவள் அவள். திருகோணமலையில் அவளை இன்னார் என்று சொல்ல வேறு ஆளில்லை. சுற்றிவளைப்புக்கு வரும் ஆமிக்காரர் ஒவ்வொருவரிடமும் பெயரும் உறவும் கேட்பார்கள். பதில்கள் பொருந்த வேண்டும். அடுத்த வீட்டுப் பெடியனின் பெயரை அவனுடைய பெரியப்பா தடுமாறிச் சொன்னதற்கே அவனை ஏற்றிப் போனார்கள். அவன் இன்னும் வரவில்லை.

மாமியின் பல்லைச் சுற்றி வீங்கிய முரசை அழுத்திப் பார்த்த டொக்டர், இந்தக் கிருமி மூளைக்கும் போய் மறதியைக் கொண்டுவருமோ என்று சிலர் ஆராய்கிறார்கள், எதுவும் உறுதியில்லை, பயப்பட வேண்டாம் என்றிருந்தார். குணமணி பயந்தாள். அன்றிலிருந்து பின்னேர வகுப்பால் வந்ததும் மாமியை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"நான் ஆர் மாமி?"

"என்ரை தம்பியின்ரை மகள். நாளைக்கு நீ ஆரெண்டு என்னட்டைத்தான் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளுவாய் போலை."

மாமி சிரித்தார். பல்லிடுக்கில் சிவப்பு.

பிழைகள் கூடின. குசினியில் வெறும் அடுப்பு எரிந்தது. படலை விடியும்வரை திறந்து கிடந்தது. சீனிப் போத்தலுக்குள் உப்பு. ஒவ்வொரு முறையும் மாமி, "நீதான் செய்தனி, பிள்ளை" என்றார். மறதிக்காரர் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு மாலை கரண்ட் போனது. துறைமுகத்துக் காற்றில் டீசலும் கருவாடும் மணக்க, அவற்றுக்கும் அடியில் பூச்சாடியில் நாட்பட்ட தண்ணீர்போல் வேறொரு நாற்றம் கிடக்க, கடற்படை தண்ணீருக்குள் போட்ட வெடியில் சுவர் அதிர்ந்து கோப்பைக்குள் இரண்டு பிறஸ்களும் மெல்ல முட்டிக்கொள்ள, அவள் மாமியின் வாயருகே குனிந்து முகர்ந்தாள்.

உப்பு வாசம் மட்டும்.

நாற்றம் போகவில்லை. அறைக்கு அறை அவளோடு வந்தது.

படலைச் சத்தம். பூட்ஸ். டோர்ச் வெளிச்சம்.

அவள் யாரென்று ஆமிக்காரர் முதலில் மாமியைக் கேட்டார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"குணமணி. என்ரை தம்பியின்ரை பிள்ளை." மாமி தடங்கலின்றிச் சொன்னார்.

அப்பாடா என்று மூச்சுவிட்டாள். பிறகு யோசித்தாள். குணமணி. யாருடைய பெயர் அது?

வெளிச்சம் அவள் பக்கம் திரும்பியது. டோர்ச் வைத்திருந்தவன் பெயரைக் கேட்டான். வாயைத் திறந்தாள். நாக்கில் இரும்புச் சுவை. சொல் இல்லை.

மறுபடி கேட்டான்.

வாயோரத்திலிருந்து நாடியில் இளஞ்சூடாக ஏதோ வழிந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு துளி. இன்னொன்று. டோர்ச் அவள் பற்களில் நின்றது. அதற்கப்பால் ஒரு கிழவி, யாரென்று தெரியாத ஒரு கிழவி, கைகூப்பி அழுதபடி அவளைப் பார்த்து யாரோ ஒருத்தியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.