அத்தைக்கு ஏற்ற புல்வெட்டி

அத்தைக்கு வலது கை மட்டும்தான். இடது கையைச் சிறு வயதிலேயே ஒரு விபத்தில் இழந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு கையாலேயே ஷூ நாடா கட்டுவார், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவார். ஒன்பது வயது அண்ணன் மகளுக்கு அதைப் பார்க்கச் சலிக்கவே சலிக்காது. அத்தை பின்னாலேயே சுற்றியதில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் புல் மண்டிவிட்டது. “வெட்டுறது என் பொறுப்பு” என்றார் அத்தை. கரண்டில் ஓடும் புல்வெட்டி வாங்க, அப்பாவோடு மூவருமாகக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பெரிய சிவப்பு இயந்திரம் ஒன்றைக் காட்டினார்.

“ஒரு கையால பட்டனை அமுக்கணும். இன்னொரு கையால இந்தக் கம்பியை இழுத்துப் பிடிக்கணும். கம்பியை விட்டா பிளேடு நின்னுடும். அப்புறம்...”

வெறுமையாகத் தொங்கிய அத்தையின் இடது சட்டைக் கையைப் பார்த்ததும் அவர் கம்பியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார்.

“நானே வெட்டிக்கிறேம்மா. உனக்கெதுக்குச் சிரமம்?” என்றார் அப்பா.

அத்தை சிரித்தார். அது பல் டாக்டரிடம் போகும்போது சிரிக்கிற சிரிப்பு என்று வாலுவுக்குத் தெரியும்.

“கம்பியைக் கயிறு போட்டுக் கட்டிடலாமே?” என்றார் கடைக்காரர்.

“ஐயோ, வேண்டாங்க! கட்டிட்டா, கை நழுவினாலும் பிளேடு நிக்காது. இருக்கிற ஒரு கையாவது எனக்கு வேணும்!”

வாலு தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். வரிசையாக நின்ற இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எதிலும் பேட்டரி மாட்டியிருக்கவில்லை, ஒயரும் செருகியிருக்கவில்லை; அதனால் பிளேடு சுற்றும் என்ற பயமில்லை.

“பாப்பா, கையில அடியா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல அங்கிள். அத்தை மாதிரி பார்க்குறேன்.”

ஒன்றுக்கு நீள ஒயர். திரும்பும்போதெல்லாம் அதை ஒதுக்கிவிட இன்னொரு கை வேண்டும். அடுத்ததில் பட்டன் ஒரு கோடியில், கம்பி மறு கோடியில். மூன்றாவதைத் திருப்பவே முடியவில்லை, அவ்வளவு கனம்.

மூலையில் தூசி படிந்து ஒரு சின்னப் பச்சை இயந்திரம் நின்றது. பேட்டரியில் ஓடுவது. கைப்பிடியின் நடுவில், கம்பியை ஒட்டியே பட்டன் இருந்தது. வாலு விரல்களால் கம்பியைப் பற்றி, கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை.

“அத்தே! ஓடி வாங்க! என் விரல் எட்டல, உங்களுக்கு எட்டும்!”

அத்தை வந்து பிடித்தார். கட்டைவிரல் பட்டனை அமுக்கியது, மற்ற விரல்கள் கம்பியை இழுத்தன. ‘டக்!’ கையை விட்டார். கம்பி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

“ஆறு வருஷமா இதை விக்கிறேன், எனக்குத் தோணலையே!” என்று கடைக்காரர் வியந்தார்.

“ரொம்பச் சின்னதா இருக்கே?” என்றார் அப்பா.

“நம்ம முற்றம் மட்டும் என்ன மைதானமாப்பா?” என்றாள் வாலு.

மாலையில் அத்தை முற்றத்தில் இறங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் புல் வரிசை வரிசையாக விழுந்தது. அப்பா வாய் பிளந்து நின்றார்.

“நானும் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?”

“இன்னும் பாதி முற்றம் இருக்கு. நீ போய் டீ போடுண்ணா!”

அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வாலு மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, அத்தை அடுத்த வரிசைக்குத் திரும்பும் அழகைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.