காயாத கட்டு

பிளாஸ்டர் கட்டு மூன்றாம் நாளும் காயவில்லை. கோபிப் பாலைவனக் காற்றில் ஈரத் துணி தேநீர் ஆறுவதற்குள் விறைத்துவிடும். லாரியில் உடையாமல் போக, புதைபடிவத்தைச் சுற்றி துல்மா பிளாஸ்டரில் தோய்த்து இறுக்கிய சாக்குத் துணியிலோ, விரல் வைத்த இடமெல்லாம் குளிர்ந்த நீர் கசிந்தது. குளத்துச் சேற்றின் வாடை வேறு. உள்ளே இருப்பது ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன் செத்துக் கல்லாகிப்போன அவிடூரஸ், ஆள் நீளச் சலமாண்டர்: பல்லி போன்ற நீர்ப்பிராணி, முன்காலில் நான்கே விரல்.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். கணவன் கோம்போ பிளாஸ்டர் வாளிகளை ஊற்றிலேயே முக்கிக் கழுவியிருந்தான். ஊற்றில் அழுக்குப் பாத்திரம் பட்டால் நீருக்குச் சொந்தக்கார ஆவிகள் பொறுக்காது. தவழும் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. வெள்ளையாய்க் கலங்கிய ஊற்று மறுநாளே வற்றியது. மிச்சம் ஒரு பீப்பாய் தண்ணீர். லாரி வர இரண்டு நாள். பீப்பாயும் தானாகவே குறைந்துகொண்டிருந்தது.

"தண்ணிய நீதானே எடுக்கிற?"

"நான் மூஞ்சி கழுவி நாலு நாளாச்சு துல்மா. வேணும்னா மோந்து பாரு."

"சிரிப்பு வேறயா? குழாயத் திருகினா வருமே, அந்த நகரத்துத் திமிரு! உன்னையும் அந்தச் சாக்குலயே சுத்திக் காய வெக்கணும்."

அவன் சிரிப்பு அணைந்தது. "தப்புதான்" என்றான். அவள் கட்டுக் கிடந்த கூடாரத்தை விட்டு வெளியேறினாள்.

மதியம் புழுதிக்காற்று எழுந்து பகலையே செம்மண்ணாய் இருட்டாக்கியது. சமையல் கூடாரத்தில் தனியே இருந்தவளுக்கு, காற்றின் இரைச்சலுக்கு அடியில் வேறொன்று கேட்டது: ஈரத் துணியை நிதானமாகப் பிழிந்து, சுற்றி, தட்டி, மீண்டும் பிழியும் ஓசை. மறுபடி கட்டுகிறானா? குடிக்கிற தண்ணீரிலா? பல்லைக் கடித்தாள். போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

காற்று அடங்க, கோபமும் கொஞ்சம் அடங்கியது. உப்புத் தேநீரை அவன் கிண்ணத்தில் ஊற்றி, கட்டுக் கிடந்த கூடாரத்துக்கு எடுத்துப் போனாள்.

கோம்போ இல்லை. அவன் காலணிகள் மட்டும். பீப்பாய் காலி. தரையெல்லாம் வெள்ளைச் சேறு. சேற்றில் கைத்தடங்கள். நான்கு விரல்.

பழைய கட்டு பிளந்து, வெறும் ஓடாய்க் கிடந்தது. பக்கத்தில் புதிய கட்டு. காய்ந்தது. மனிதத் தோள் அகலத்துக்குச் சுற்றியது.

தட்டினாள்.

உள்ளிருந்து தட்டினான்.

கிண்ணம் நழுவியது. கட்டை உடைக்கச் சுத்தியலைத் தேடித் திரும்பினாள்.

வாசலில் அது. தட்டைத் தலை. நான்கு விரல்களில், சொட்டச் சொட்ட, இன்னொரு சாக்குத் துணி.