இறுகாத தூண்

ட்ரிங்... ட்ரிங்...!

விடிந்தும் விடியாமல் வந்த போனைக் காண்ட்ராக்டர் எடுத்தார்.

"அண்ணே..." தங்கை. "அவரு... சைட்ல... மாடிப்படிக்குக் கீழ... போலீஸ் வந்திருக்கு... சீக்கிரம் வாண்ணே!"

"ஐயோ! என்னம்மா சொல்ற?"

நடிப்பு சுமாராகத்தான் வந்தது. அழுகிறவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

மாடிப்படிக்குக் கீழே தங்கை புருஷன் கிடப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கிடத்தினதே அவர்தானே!

நேற்றுச் சாயங்காலம். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பாதி எழும்பி நின்ற ஆபீஸ் கட்டடத்தில் இரண்டே பேர். காண்ட்ராக்டர் ஒருவர். அந்தக் கட்டடத்துக்குப் படம் போட்ட ஆர்க்கிடெக்டான தங்கை புருஷன் இன்னொருவன்.

பழைய சண்டைதான்.

"சிமென்ட் சுடுற சூளையில எவ்வளவு கரிப்புகை தெரியுமா மச்சான்? பாதியைக் குறைச்சுட்டு இரும்பாலைக் கசடுத் தூளைக் கலந்தா..."

"கலந்தா சீக்கிரம் இறுகாது மாப்ளே! இறுகாம தூணைச் சுத்தி அடிச்ச பலகைப் பெட்டியைப் பிரிக்க முடியாது. பெட்டி வாடகை யார் தலையில? நீ புகையைக் குறைப்ப, அதுக்கு நான் சோத்தைக் குறைக்கணுமா?"

"ஓனர் சம்மதிச்சுட்டாரு மச்சான். அந்த வாடகையை..."

அவ்வளவுதான். காண்ட்ராக்டர் கையில் இருந்த சுத்தியல் பேசிவிட்டது!

கால் தவறி விழுந்தவன் போல உடம்பைப் படியடியில் கிடத்தினார். சுத்தியலை என்ன செய்ய? முன்வாசல் தூணில் அப்போதுதான் கான்கிரீட் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சாரத்தில் ஏறினார். உள்ளே போட்டார். கம்பியால் குத்தி அழுத்தினார்.

விடிந்தால் கல்! எவன் பார்ப்பான்?

அப்படித்தான் நினைத்தார். ராத்திரி பூரா கண்ணை மூடினால் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடிதான் தெரிந்தது.

சைட்டில் தங்கை ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே கை! உதறவும் முடியவில்லை. விடவும் முடியவில்லை.

"உங்க மாப்பிள்ளை இங்க அடிக்கடி தனியா வருவாரா சார்?" இன்ஸ்பெக்டர் வெற்றிலை போடுகிறவர் போல நிதானமாகக் கேட்டார்.

"வ... வருவாருங்க. வேலைன்னா உசிரு."

"எனக்கு நேத்து மத்தியானம் போன் பண்ணாருண்ணே," தங்கை விசும்பினாள். "அப்படி ஒரு சந்தோஷம். 'பெட்டி வாடகையை ஓனர் தலையிலயே கட்டிட்டேன். உங்கண்ணனுக்கு ஒரு காசு நஷ்டம் இல்ல. சிமென்ட் குறைஞ்சா பூமிக்கும் நல்லது, மச்சானுக்கும் நல்லது'ன்னாரு. அதை உன்கிட்ட நேர்ல சொல்லத்தான்ணே வந்தாரு..."

அடி இப்போது அவர் மண்டையில் விழுந்தது.

'அந்த வாடகையை...' என்றானே! மீதியைச் சொல்ல விட்டேனா? பாவி!

"இன்னொண்ணும் சொன்னாரு. நேத்து வந்த கான்கிரீட் லாரியிலயே புதுக் கலவைதானாம். அண்ணன் பழக்கதோஷத்துல மறுநாளே பெட்டியைப் பிரிச்சிடுவாரு, தொட வேணாம்னு சொல்லணும்னு..."

"நே... நேத்து லாரியா?"

டொக்! டொக்! டொக்!

முன்வாசலில் சத்தம். கட்டடத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. முன்வாசலைச் சொல்லவில்லையே! மேஸ்திரி சொன்ன சொல் தட்டாதவர். 'விடிஞ்சதும் பெட்டி பிரியணும். சும்மா நின்னா வாடகை ஏறும்!' தினமும் தொண்டை கிழியக் கத்துவது யார்?

இவரேதான்!

"நிறுத்துய்யா! பெட்டியைத் தொடாத!"

பலகை விலகிவிட்டது.

தூண் ஈரமண்ணாய்ப் பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பிகளுக்கு நடுவே... பிடியில் சிவப்பு டேப் சுற்றிய சுத்தியல்!

"ஐயா!" மேஸ்திரி வெள்ளந்தியாகக் கூவினார். "உங்க சுத்தியல்ங்கய்யா! இது எப்படிங்கய்யா உள்ள போச்சு?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். படியடியில் கிடந்தவனின் மண்டைக் காயத்தைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார்.

தங்கையின் விரல்கள் அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழன்றன.

"அண்ணே...?"

"அவனைப் பேசி முடிக்க விட்டிருக்கலாம்மா..." காண்ட்ராக்டர் மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை அவராகவே நீட்டினார்.

விலங்கைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் உதிர்ந்த தூணை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க மாப்பிள்ளை ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாரு சார். சிமென்ட் குறைஞ்சா போலீஸுக்கும் நல்லது!"